பணம் கேட்டு எழுதிய பெண்கள்

மகளிரியல் மையத்தில் நான் வேலை பார்த்த வருடங்களில் ஓர் இரும்பு பீரோ நிறைய விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாம் ஆய்வுக்கும் களப்பணிக்கும் நிதி கேட்டு எழுதியவை. பணம் வந்தவை கீழ்த்தட்டில், வராதவை மேல்தட்டில். மேல்தட்டில் கோப்புகள் எப்போதும் பிதுங்கிக்கொண்டிருக்கும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டிப் படித்தேன்.

படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. பல விண்ணப்பங்களில் இருந்தது ஒரே வட்டாரம், ஒரே பெண்கள். ஆலங்குளம், முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிறவர்கள். ஆனால் நாங்கள் அவர்களுக்கு வைத்த பெயர் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறியிருந்தது. முதலில் 'நலிவுற்ற மகளிர்'. பிறகு 'பயனாளிகள்'. அதற்கப்புறம் 'அதிகாரம் பெற வேண்டிய பெண்கள்'. கடைசியில் 'பங்குதாரர்கள்'. அந்தப் பெண்களின் பிழைப்பு அதே வேகத்தில் மாறவில்லை. மாறியதெல்லாம் நிதி தருபவர்கள் விரும்பிய சொல்தான். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து எழுதியவள் நான்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அதனால்தான். பெண்ணுக்காகப் பணம் கேட்டு எழுதும் தொழிலுக்கு நம் நாட்டில் 130 வருடங்களுக்கு மேல் வயதாகிறது.

அதன் தொடக்கத்தில் பண்டிதா ரமாபாய் நிற்கிறார். 1858-இல் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் ஊர் ஊராகப் புராணம் சொல்லிப் பிழைத்தவர்கள். அவர்களிடமே சமஸ்கிருதம் படித்தார். பஞ்சத்தில் இருவரையும் இழந்தார். கல்கத்தாப் பண்டிதர்கள் அவருடைய புலமையைச் சோதித்து 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தபோது அவருக்கு வயது இருபது. வேறு சாதிக்காரரான வங்காளி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு, 1882-இல் கைக்குழந்தையோடு விதவையானார். அடுத்த வருடம் இங்கிலாந்து போனார், அங்கே கிறித்தவரானார். 1886-இல் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் வாங்குவதைப் பார்க்க அமெரிக்கா போனவர், இரண்டு வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். குழந்தை விதவைகளுக்கு ஒரு பள்ளியும் விடுதியும் கட்டுவது அவருடைய நோக்கம். அதற்குப் பணம் வேண்டும்.

அதற்காக அவர் ஒரு புத்தகம் எழுதினார். 1887-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் பெயர் 'உயர்சாதி இந்துப் பெண்'. அதைப் படிக்கும்போது என் கை என்னை அறியாமல் பென்சிலைத் தேடியது. அது ஒரு நல்ல விண்ணப்பத்தின் அமைப்பில் இருக்கிறது. பிரச்சினை என்ன, அது எங்கிருந்து வருகிறது, ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பிறப்பு முதல் விதவைக்கோலம் வரை அது எப்படி நடக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசியில், இவ்வளவையும் படித்த நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று வந்து நிற்கிறார். எங்கே விடுதி, யார் ஆசிரியர்கள், என்ன பாடம் என்பதற்கு அவரிடம் திட்டம் இருந்தது. பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அமெரிக்காவின் பல ஊர்களில் பெண்கள் கூடி 'ரமாபாய் வட்டம்' என்று குழு அமைத்து வருடச் சந்தா போட்டார்கள். 1887 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் அமைந்தது. பத்து வருடத்துக்குப் பணம் தருவதாக ஒப்புக்கொண்டது.

பத்து வருடம்! என் வேலைக்காலம் முழுவதும் தேடினாலும், ஒரே மூச்சில் பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்ட நிதியாளர் ஒருவரை நான் கண்டதில்லை. எங்களுக்கு மூன்று வருடம் கிடைத்தாலே மையத்தில் இனிப்பு கொடுப்போம்.

அந்தப் பணத்தோடு நிபந்தனைகளும் வந்தன. பள்ளியில் மதப் பிரசாரம் இருக்கக் கூடாது. உதவி உயர்சாதி விதவைகளுக்கு. புத்தகத்தின் தலைப்பிலேயே அவர் அந்தப் பெண்ணைத்தான் காட்டியிருந்தார். கொடுத்தவர்கள் அவளுக்குத்தான் கொடுத்தார்கள். 1889 மார்ச்சில் பம்பாயில் சாரதா சதன் தொடங்கியது, மறு வருடம் புனேவுக்கு மாறியது. 1893-இல் பெரிய புயல். மாணவிகள் சிலர் ரமாபாயின் பிரார்த்தனையில் போய் உட்கார்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. கதவைச் சாத்திக்கொண்டு பிரார்த்தனை செய்ய மாட்டேன், வருகிற பெண்ணைத் தடுக்கவும் மாட்டேன் என்று அவர் நின்றார். சீர்திருத்தவாதிகளான ரானடேயும் பண்டார்க்கரும் பள்ளியின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பல பெற்றோர்கள் பெண்களை அழைத்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அதற்குப் பின் நடந்தது. 1896-97-இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம். ரமாபாய் தானே போய், சோற்றுக்கில்லாமல் அலைந்த நூற்றுக்கணக்கான பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் எத்தனை பேர் உயர்சாதி? எத்தனை பேர் விதவைகள்? பாஸ்டன் ஒப்பந்தத்தில் இந்தப் பெண்களுக்கு இடமே இல்லை. புனே பக்கத்தில் கேட்காவ் என்ற ஊரில் அவர் வாங்கியிருந்த நிலத்தில் அவர்களைத் தங்கவைத்தார். அதுதான் முக்தி இல்லம். 1898-இல் பத்து வருடக் கணக்கு முடிந்ததும் மறுபடி அமெரிக்கா போய், செய்ததைச் சொன்னார். பழைய சங்கத்தைக் கலைத்துவிட்டுப் புதிய சங்கம் அமைத்தார்கள். விண்ணப்பத்தில் எழுதாத பெண் வாசலில் வந்து நின்றபோது அவர் விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தார். என் பீரோவை நினைத்துக்கொண்டே இந்தப் பக்கங்களைப் படித்தேன்.

பாஸ்டன் என்றதும் சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வர வேண்டும். மெரினா கடற்கரை எதிரில் வட்ட வடிவில் நிற்கும் ஐஸ் ஹவுஸ், 1842 வாக்கில் பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு. இன்று விவேகானந்தர் இல்லம். நடுவில் ஒரு காலம் அது விதவைப் பெண்களின் விடுதியாக இருந்தது. அதை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. பதினொரு வயதில் விதவையானவர். 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். மறு வருடமே இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க ஆரம்பித்தார்.

அவருக்குக் கை கொடுத்தவர் பள்ளி ஆய்வாளரான மிஸ் லிஞ்ச் என்ற ஐரோப்பியப் பெண்மணி. அரசாங்கத்துக்கு அப்போது பெண் ஆசிரியர்கள் தேவை. பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலம். பாடம் சொல்ல ஒரு பெண் இருந்தால் அனுப்புவார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் விதவைகளை ஆசிரியைகள் ஆக்கலாம் என்பதுதான் அரசாங்கத்தின் காதில் ஏறிய வாதம். விதவையின் துயரத்துக்காக மட்டும் கஜானா திறந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பிராமண விதவைகளுக்கு மட்டுமான அந்த விடுதிக்கு ஏன் பொதுப்பணம் என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. நியாயமான கேள்வி. மற்றவர்களோடு சேர்த்தால் எங்கள் பெண்ணை அனுப்ப மாட்டோம் என்று அந்தக் குடும்பங்கள் சொல்லிவிடும் என்பது நடைமுறை பதிலாக இருந்தது. ஆனால் வெளியே நின்ற பெண்களுக்கு அது பதிலாகாது.

அந்த வெளியே நின்ற பெண்களின் கதை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டு வாசலில் தொடர்கிறது. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் அவர் போராடிக்கொண்டிருந்த நேரம், 1930. அந்தக் குலத்தில் பிறந்த சிறுமிகள் சிலர் அடைக்கலம் தேடி வந்தார்கள். நகரத்து விடுதிகளில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படிப் பிறந்தது. முதலில் பெண்கள் வந்தார்கள், பிறகு வீடு, பணம் தேடியது அதற்கும் பிறகு. இன்றைக்கும் அடையாறு பக்கம் அது இயங்கிக்கொண்டிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-இல் மத்திய சமூக நல வாரியம் வந்தது. துர்காபாய் தேஷ்முக் முதல் தலைவர். தையல் வகுப்பு, பால்வாடி, மாதர் சங்கம் என்று சின்னச் சின்ன அமைப்புகளுக்கு அரசு மானியம் போக ஒரு வழி திறந்தது. பெண்ணுக்கு உதவி செய்வதற்கான பணம் அது. பெண்ணின் நிலையை ஆராய்வதற்கான பணம் வர இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

இங்கே மறுபடி சாரதா சதனுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதன் முதல் விதவை மாணவி கோதுபாய். படித்து முடித்த அவரை 1893-இல் தோண்டோ கேசவ கார்வே மறுமணம் செய்துகொண்டார். மூன்று வருடம் கழித்து விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கிய கார்வே, 1916-இல் பெண்களுக்கு ஒரு பல்கலைக்கழகமே தொடங்கினார். 1920-இல் விட்டல்தாஸ் தாக்கர்சி என்ற ஆலை அதிபர் 15 லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னார்; பல்கலைக்கழகம் அவருடைய அம்மா நாதிபாயின் பெயரைப் பெற்றது. எஸ்.என்.டி.டி. என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 1974-இல் நீரா தேசாய் மகளிரியல் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். பாஸ்டன் பெண்கள் போட்ட சந்தாவில் படித்த ஒரு விதவைப் பெண்ணிலிருந்து நான் பிழைத்த துறைக்கு இப்படி ஒரு நேர்க்கோடு ஓடுகிறது என்று தெரிந்த நாளில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

அதே 1974-இன் கடைசி நாளில், பெண்களின் நிலை பற்றிய தேசியக் குழு 'சமத்துவத்தை நோக்கி' என்ற அறிக்கையை முடித்துக் கொடுத்தது. குழு அமைந்தது 1971-இல். தலைவர் பூல்ரேணு குஹா. தேங்கிக் கிடந்த வேலையை 1973-இல் செயலாளராக வந்த வீணா மஜும்தார் தூக்கி நிறுத்தினார். அறிக்கையின் எண்கள் படித்தவர்களை உலுக்கின. 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில், 1971-இல் 930 பேர்தான். அரசியலமைப்பு சமத்துவம் தந்து இருபது வருடம் ஆகியிருந்தது, பெண்கள் குறைந்துகொண்டே வந்திருந்தார்கள்.

அப்போது இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகத்தில் செயலாளராக இருந்தவர் ஜே.பி. நாயக். காந்தியவாதி, கல்வியாளர். இந்த அறிக்கை அலமாரியில் தூங்கிவிடக் கூடாது என்று மகளிரியலுக்காகத் தனி ஆய்வுத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தி, வீணா மஜும்தாரிடம் கொடுத்தார். அந்தத் திட்டத்தில் எழுதிய முன்னுரிமையை நான் என் மாணவிகளுக்கு வருடா வருடம் சொல்வேன்: ஏழைப் பெண்கள், கணக்கில் வராத உழைப்பு. படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் பிரச்சினைகளை ஏற்கெனவே பலர் பேசுகிறார்கள். விவசாயக் கூலிப் பெண், வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண், வேலையை இழந்த பெண், இவர்களைத் தேடிப் போங்கள் என்றார்கள். கேள்வியை வைத்தவர்கள் களம் தெரிந்த பெண்கள். பணம் வைத்திருந்தவர் அந்தக் கேள்வியைத் திருத்தவில்லை. என் கணிப்பில் இந்த 130 வருடத்தில் மிக நல்ல காலம் அந்தச் சில வருடங்கள்தான்.

தமிழுக்கும் அந்தக் காலத்தில் ஒரு கொடை கிடைத்தது. 1976-இல் இரண்டு வருட ஆய்வு நல்கை ஒன்றைப் பெற்று சி.எஸ். லட்சுமி, நாம் அறிந்த அம்பை, தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைத் தேடிப் போனார். அது 1984-இல் ஆங்கிலத்தில் புத்தகமானது. நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் இருவரோடும் சேர்ந்து 1988-இல் பெண்களின் குரலையும் படத்தையும் சேமிக்கும் 'ஸ்பாரோ' காப்பகத்தை மும்பையில் அவர் தொடங்கினார்.

1981-இல் எஸ்.என்.டி.டி.யில் முதல் தேசிய மகளிரியல் மாநாடு. மறு வருடம் மகளிரியலுக்கான இந்தியச் சங்கம். 1986-இல் புதிய கல்விக் கொள்கை பெண்களின் சமத்துவத்துக்குக் கல்வியே கருவியாக வேண்டும் என்றது. பல்கலைக்கழக மானியக் குழு ஏழாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் மகளிரியல் மையங்களுக்கு நிதி ஒதுக்கியது. அந்த ஏற்பாட்டில் பிறந்த மையங்களில் ஒன்றில் நானும் பின்னாளில் போய்ச் சேர்ந்தேன்.

அந்த நிதி 'திட்ட' நிதி. ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தால் மையமும் முடிந்த மாதிரி. நீட்டிப்புக் கடிதம் வந்தால் உயிர். என்னோடு வேலை செய்த பெண்கள் எல்லாம் தொகுப்பூதியத்தில் இருந்தவர்கள். மையத்துக்கு வெளியே எழுதி வாங்கும் ஆய்வுத் திட்டங்களில்தான் அவர்களுக்குச் சம்பளம் போட்டோம். ஒரு விண்ணப்பம் தள்ளுபடியானால் ஒரு பெண்ணின் வீட்டு வாடகை நிற்கும். பெண்களின் நிச்சயமற்ற வேலை பற்றி ஆய்வு செய்த பெண்கள் அவர்கள்.

பீடிப் பெண்கள் பற்றிய முதல் விண்ணப்பம் இன்னும் மனசில் அப்படியே இருக்கிறது. களம் பார்க்க ஆலங்குளம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனோம். திண்ணையில் ஓர் அக்கா சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரியே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை. அதன் மேல் தகர அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டுகிறார். ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டு, விரலால் பரப்பி, உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி இழுக்கிறார். அந்த நூல் இழுப்பைக் கண்ணால் தொடர முடியவில்லை. 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், கூலி ஆயிரத்துக்கு. பேசிக்கொண்டே சுற்றினார், பேச்சுக்காகக் கை ஒருமுறைகூட நிற்கவில்லை. அவர் கூலியில்தான் வீடு ஓடியது. வீட்டுக்காரருக்கு மழைக்காலத்தில் மட்டும் வயல் வேலை.

திரும்பி வந்து விண்ணப்பத்தில் 'வீட்டிலிருந்து கூலிக்கு உழைக்கும் தொழிலாளர்கள்' என்று எழுதினேன். நிதி தரும் அமைப்பின் நிபுணர் ஒருவர் அதை அடித்துவிட்டு, 'துணை வருமானம் ஈட்டும் குடும்பப் பெண்கள்' என்று மாற்றச் சொன்னார். 1966-ஆம் வருடத்து பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றது. அதை எடுத்துச் சொன்னேன். எங்கள் திட்டத்தின் தலைப்புக்குள் அது வராது என்றார். என்னோடு இருந்த மூன்று பெண்களின் சம்பளம் அந்தக் கையெழுத்தில் இருந்தது. மாற்றிக் கொடுத்தேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த தவறுகளில் அதை முதலாவதாக வைக்கிறேன்.

களம் பார்த்துவிட்டு அன்று கிளம்பும்போது அந்த அக்கா கேட்டது: "டீச்சர், எழுதிட்டுப் போறீய, சரி. பொறவு எப்ப வருவீய? எழுதுனத எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவீயளா?"

செலவுப் பட்டியலைப் பார்த்தேன். களஆய்வுக்குப் போக வரப் பயணச் செலவு இருந்தது. கருத்தரங்குக்கு இருந்தது, அறிக்கையைக் கெட்டி அட்டை போட்டு அச்சடிக்க இருந்தது. கண்டுபிடித்ததை அந்தப் பெண்களிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. நான் எழுதிய பட்டியல்தான்.

சிறிய அமைப்புகளில் வேலை பார்த்த தோழிகளுக்கு வேறு கஷ்டம். வெளிநாட்டு நிதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-இல் வந்தது. 1984-இல் பதிவு கட்டாயமானது. 2010-இல் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. 2020-இல் அலுவலகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைந்தது. ஓர் அமைப்பு வாங்கிய நிதியை இன்னொன்றுக்குப் பகிர்ந்து கொடுப்பதும் தடையானது. பெரிய அமைப்பு வழியாக வந்த சிறு தொகையில் நடந்துகொண்டிருந்த கிராமத்துப் பெண்கள் குழுக்களுக்கு அந்த வழி அடைபட்டது. மகளிரியல் மையங்களின் நிலையும் ஆட்டம் கண்டது. திட்டக் குழு கலைக்கப்பட்டு, 2017 மார்ச் 31-உடன் கடைசி ஐந்தாண்டுத் திட்டம் முடிந்தபோது, திட்ட நிதியில் ஓடிய மையங்கள் தொடருமா என்று நாடு முழுவதும் ஆசிரியர்களும் மாணவிகளும் தெருவுக்கு வந்து கேட்க வேண்டியிருந்தது. முப்பது வருடம் பாடம் நடத்திய ஒரு துறைக்கு அந்த நிலைமை வந்திருக்கக் கூடாது. வேதியியல் துறை தொடருமா என்று யாரும் கேட்பதில்லை. நிரந்தரப் பணியிடம் இல்லாமல் எந்தத் துறையும் வேர் பிடிக்காது. மாநில அரசுகள் இந்த மையங்களைத் துறைகளாக ஏற்றுக்கொண்டு ஆசிரியர்களை நியமிக்க வேண்டும்.

அந்த ஊருக்கு நான் மறுபடி போனது நாலு வருடம் கழித்து. அறிக்கையைத் தமிழில் 24 பக்கமாகச் சுருக்கி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கூலி, தொழிலாளி என்ற சொற்களைத் திரும்பப் போட்டிருந்தேன். திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுளகோடு உட்கார்ந்து கேட்டார்கள். அந்த அக்கா பாதியில் நிறுத்தினார். "அஞ்சு மணிக்கு எந்திக்கிறோம்னா போட்டிருக்கீய? நாலரைக்கே எந்திச்சாத்தான் தண்ணி புடிச்சிட்டு இலைவெட்ட உக்கார முடியும். மாத்திப் போடுங்க." இன்னொருத்தி, கழிவு பீடி என்று தள்ளிவிட்டுக் கூலியில் பிடிப்பதை நாங்கள் எழுதவே இல்லை என்றாள். அன்று மதியத்துக்குள் பதினொரு திருத்தங்கள் குறித்துக்கொண்டேன். அச்சான அறிக்கையைப் படித்த எந்த நிபுணரும் அவற்றில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை.

இப்போது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும் பெண்களே, உங்கள் செலவுப் பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: எழுதியதை அந்த ஊருக்கே எடுத்துப் போய் வாசித்துக் காட்ட, பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் படியும். அதை அடிக்கச் சொன்னால் அடிக்காதீர்கள்.